ஏறும்போது இல்ல, இறங்கும்போதுதான்: எம்எஸ் உள்ள ஒரு தோட்டத்து அக்காவோட கேஸ்

வயசு 41, ரெண்டு பிள்ளைங்க, ஹட்டனுக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில (தொழிலாளர் வரிசை வீட்டில) இருக்காங்க, மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், சுருக்கமா எம்எஸ், ன்ற நரம்பு நோய் னு டொக்டர்மார் சொல்லி 6 வருஷம் ஆச்சி. கிளினிக்கில இருந்து ஃபிசியோவுக்கு வந்த துண்டில ஒரே வரிதான், அடிக்கடி விழுறாங்க, பெலன்ஸ் பாருங்க னு. இத முழுசா எழுத காரணம் இருக்கு. பெலன்ஸ் ட்ரெயினிங் னு சொன்னதும் நம்ம மனசில வர்றது ஒரு ஹோல், சமமான சீமெந்து தரை, சுவத்தில ஒரு கம்பி, அத புடிச்சிக்கிட்டு ஒத்தக்கால்ல நிக்கிறது. மலையில இருக்கிற ஆள் அந்த மாதிரி தரையில விழுறதே இல்லயே. எங்க விழுறாங்க, எத்தன மணிக்கு விழுறாங்க, அப்ப கையில என்ன இருந்திச்சி, இது மூணும் தெரியாம பயிற்சி குடுத்தா ஸ்கோர் கூடும், விழுறது குறையுமா ன்றது வேற கேள்வி. அக்காகிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன், ஆள் பேர், தோட்டத்துப் பேர் எதுவும் போடல, அடையாளம் தெரியிற ஒண்ணு ரெண்டு விசயத்த மாத்தியும் இருக்கேன்.

நோய் வந்த கதை

முதல்ல வந்தது கண்ணு. 33 வயசில, அப்ப கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தாங்க, வலது கண்ணு ரெண்டு மூணு நாளுக்குள்ள மங்கிப் போச்சி, கண்ண அசைச்சா நோவு. மலையில மருந்தடிச்சது பட்டிருக்கும் னு எல்லாரும் சொல்ல, டிஸ்பென்சரியில சொட்டு மருந்து வாங்கி ஊத்தி, சில வாரத்தில தானா தெளிஞ்சிருச்சி, அதோட மறந்தும் போச்சி. எம்எஸ் ல கண் நரம்பு அழற்சி இப்படித்தான் வந்துட்டு போயிரும், அதனாலதான் பின்னால வர்றதோட யாரும் அத முடிச்சி போட்டு பார்க்கிறதில்ல. ரெண்டு வருஷம் கழிச்சி இடுப்புக்கு கீழ மரத்துப்போன மாதிரி ஆகி, கூடையோட சரிவில நிக்க முடியாம போனப்பதான் கண்டிக்கு அனுப்பினாங்க. எம்ஆர்ஐ, முதுகில ஊசி போட்டு நீர் எடுத்த டெஸ்ட், ரத்தம் எல்லாம் பார்த்து முடிவு சொன்னாங்க. கண்ணும் முதுகுத்தண்டும் சேர்ந்து பாதிச்சா ஆசியக்காரங்ககிட்ட என்எம்ஓ ன்ற இன்னொரு நோயையும் கழிச்சிப் பார்க்கணும், ரெண்டுக்கும் மருந்து வேற வேற, ஒண்ணுக்கு குடுக்கிறது மத்ததுக்கு கெடுதல்கூட பண்ணும், அதையும் பார்த்திருந்தாங்க.

வந்து போற வகை எம்எஸ். பத்தில எட்டு பேருக்கு மேல இப்படித்தான் ஆரம்பிக்கும். பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்கள விட ரெண்டு மூணு மடங்கு அதிகம், பெரும்பாலும் 20 க்கும் 40 க்கும் நடுவில. உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளையிலயும் முதுகுத்தண்டிலயும் நரம்பச் சுத்தியிருக்கிற மயலின் உறையை அரிச்சிருது. உறை போன நரம்பில செய்தி போகும், ஆனா மெதுவா போகும், சில நேரம் போகவே போகாது. ஐரோப்பா, கனடா பக்கம்தான் இந்த நோய் நிறைய, நம்ம நாட்டில குறைவு, அதனால லயத்தில யாருக்கும் பேர்கூட தெரியாது, வாதம் னாங்க, பக்கத்து வீட்டு ஆயா செய்வினை னு சொல்லி எலுமிச்சம்பழமெல்லாம் அறுத்தாச்சி. மருந்த நிறுத்தாத வரைக்கும் அறுத்துட்டு போகட்டும் னு நான் எதுவும் சொல்லல.

இப்ப இருக்கிற நெலம: ரெண்டு பாதத்திலயும் உணர்வு குறைவு, வலது கால் பலவீனம், கொஞ்சம் இறுக்கமும் இருக்கு, அதுக்கு பெக்லோஃபென் எடுக்கிறாங்க. கொழுந்து வேலைய விட்டாச்சி. வீட்டு வேலை, சின்னவன ஸ்கூலுக்கு அனுப்புறது, தண்ணி எடுக்கிறது எல்லாம் அவங்கதான். புருஷன் கொழும்பில கடையில நிக்கிறார், மாசத்துக்கு ஒரு தரம் வருவார். கைத்தடி கிடையாது, குடைதான் தடி. வெயிலோ மழையோ குடை இல்லாம வெளிய வர மாட்டாங்க, தடி புடிச்சா ஊரு பேசும், குடை புடிச்சா யாரு கேட்பாங்க.

எத்தன தரம் விழுந்தாங்க

கடைசி மூணு மாசத்தில எத்தன தரம் விழுந்தீங்க அக்கா னு கேட்டேன். "ஒரு தரந்தான் மிஸ்" னாங்க. கூட வந்திருந்த மக, ஓலெவல் படிக்கிற பிள்ள, அம்மாவ ஒரு பார்வ பார்த்திச்சி. "தண்ணி புடிக்கிற பீலியில விழுந்து வாளி உடைஞ்சிச்சே அது? கோயில் படியில? அன்னைக்கு விறகோட தேயிலைக்குள்ள போய் உக்காந்தீங்களே அது?" அக்கா சிரிச்சாங்க. "அதெல்லாம் அடிபடலயே."

இதுதான் நடக்கும். அடிபட்டாத்தான் விழுந்ததா கணக்கு. ரத்தம் வரல, எலும்பு முறியல னா அது ஒண்ணுமே இல்ல. ஆனா நமக்கு வேணுங்கிறது அந்த ஒண்ணுமே இல்லாததுதான், ஏன்னா அடிபடாம விழுந்த அதே இடத்திலதான் ஒரு நாள் இடுப்பு எலும்பு போகும். அதோட ஞாபகத்த நம்பி எழுதினா எப்பவும் குறைச்சித்தான் வரும், அதனால அன்னன்னைக்கு எழுதுற டயரி வேணும். டயரி னு ஒரு கொப்பி குடுத்தா அது பொட்டிக்குள்ள போயிரும். அவங்க வீட்டில சுவத்தில ஒரு நகைக்கடை கலண்டர் தொங்கிச்சி, அதிலயே போட சொன்னேன். தரையில விழுந்தா பெருக்கல் குறி, விழப்போய் எதையாவது புடிச்சி தப்பிச்சா வட்டம், பக்கத்தில எங்க, எத்தன மணி, கையில என்ன. எழுதுறது மகளோட வேலை. அந்தப் பிள்ள அம்மா மறைச்சதையும் சேர்த்து எழுதினிச்சி.

பயிற்சி தொடங்க முன்ன நாலு வாரம் சும்மா எழுத மட்டும் விட்டேன். 6 பெருக்கல், 11 வட்டம். ஆறில மூணு லயத்தில இருந்து ரோட்டுக்கு இறங்குற கல்லுப் படியில. ஒண்ணு பீலியில வாளியோட திரும்பினப்ப. ஒண்ணு குசினி வாசப்படியில. ஒண்ணு ராத்திரி கக்கூஸுக்கு போறப்ப. நாலு சாயங்காலம் 5 க்கும் 7 க்கும் நடுவில. நாலு தரம் கையில ஏதாவது இருந்திச்சி. ஏறும்போது விழுந்தது ஒண்ணுகூட இல்ல.

நாலு வாரத்த வீணாக்கிட்டதா சிலர் நெனைப்பாங்க. எனக்கு இந்த கலண்டர் ஒண்ணே பாதி சிகிச்ச மாதிரி.

ஏன் இறங்கும்போது? ஏறும்போது அடுத்த படி கண்ணுக்கு முன்னால இருக்கு, உடம்பு முன்னுக்கு சாயிது, விழுந்தாலும் கை ஊணிரும். இறங்கும்போது ஒத்தக்கால் முழங்கால மடக்கி மடக்கி முழு பாரத்தையும் மெதுவா கீழ விடணும், தொடைக்கு அதுதான் கஷ்டமான வேலை. அதுக்குள்ள மத்த கால் கீழ எங்க தொட்டிச்சி னு பாதம் சொல்லணும். இவங்க பாதம் சொல்லாது, சொன்னாலும் நாலு மணி பஸ் ஆறு மணிக்கு வர்ற மாதிரி லேட்டா வரும், அதுக்குள்ள உடம்பு சாஞ்சிரும். அதனால பாதத்தோட வேலைய கண்ணு செய்யுது. கையில விறகோ அரிசி பேக்கோ இருந்தா கண்ணுக்கு காலு தெரியாது. ஆறு மணிக்கு மிஸ்ட் எறங்கினா எதுவுமே தெரியாது.

இன்னொண்ணும் இருக்கு, சூடு. உடம்பு சூடானா உறை போன நரம்பு இன்னும் மோசமா வேலை செய்யும், 1890ல ஊத்தோஃப் ன்ற ஜெர்மன் கண் டொக்டர் எழுதி வச்சது, இன்னைக்கும் அவர் பேர்தான் அதுக்கு. நுவரெலியா, ஹட்டன் பக்கம் குளிருதானே, எம்எஸ் காரங்களுக்கு இது சொர்க்கம் னு கொழும்பில இருக்கிறவங்க சொல்லுவாங்க. லயத்து குசினிய பார்த்தா சொல்ல மாட்டாங்க. ஜன்னல் கிடையாது, விறகு அடுப்பு, ராச்சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் அடுப்புக்கு முன்னால குந்தியிருந்துட்டு எந்திரிச்சி வெளிய வந்தா கால் துணி மாதிரி ஆயிருது னு அவங்களே சொன்னாங்க. குசினி வாசப்படியில விழுந்தது அப்பதான். விடியக்காலயில வேற பிரச்சின, குளிருக்கு கால் இறுகி மரம் மாதிரி நிக்கும். ரெண்டும் ஒரே ஆளுக்கு, ஒரே நாள்ல.

ராத்திரி விழுந்தத பத்தி கேட்டப்ப பேச்சு வரல. மகள கன்டீனுக்கு பிளேன்டீ வாங்க அனுப்பிட்டு, ஒண்ணுக்கு வந்தா அடக்க முடியுதா அக்கா னு நேராவே கேட்டேன். கொஞ்ச நேரம் குடைக்காம்பயே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "வந்திருச்சி னா அவ்வளவுதான் மிஸ், ஓடணும். ஓடினா விழுறேன். ஓடாட்டி..." கக்கூஸ் லயத்துக்கு பின்னால, சரிவில, நாலு படி கீழ, இன்னொரு வீட்டோட பொது. ரெண்டு வருஷமா சாயங்காலம் 4 மணிக்கு பிறகு தண்ணியே குடிக்கிறதில்ல. எம்எஸ் ல சிறுநீர்ப்பை பாதிக்கிறது ரொம்ப சாதாரணம், அவசரமா ஓடுறதும் விழுறதும் சேர்ந்தே வர்ற சோடி, ஆனா பெலன்ஸ் ட்ரெயினிங் னு அனுப்புற துண்டில இது எப்பவாவது எழுதியிருக்குமா னா இல்ல.

பரிசோதனை

அதிர்வு தெரியுதா னு பார்க்கிற 128 ஹேர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்க கால் பெருவிரல்ல வச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணும் தெரியல, கணுக்கால்ல இடது பக்கம் கொஞ்சம். பாதம் ரெண்டையும் சேர்த்து வச்சி கண்ண மூட சொன்னா 4 செக்கன்ல சாய்றாங்க, கண்ண தொறந்தா நிக்கிறாங்க. இது ஒண்ணே சாயங்காலத்து கதைய சொல்லிருது.

பெலன்ஸ அளக்கிற பேர்க் ஸ்கேல்ல 42. மொத்தம் 14 வேலை, ஒவ்வொண்ணுக்கும் 4, நிறை புள்ளி 56. உக்காந்து எந்திரிக்கிறது, நிக்கிறது எல்லாம் நல்லாவே செஞ்சாங்க, புள்ளி போனது ஒத்தக்கால், அடிமேல் அடி வச்சி நிக்கிறது, முழு சுத்து திரும்புறது, பெட்டி மேல மாறி மாறி கால் வைக்கிறது இதிலதான். கதிரையில இருந்து எந்திரிச்சி 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உக்கார்ற டெஸ்ட் 15.2 செக்கன். அதையே ஒரு கப் நிறைய தண்ணியோட செய்ய சொன்னா 20.4. இந்த வித்தியாசம்தான் பெருசு, கவனம் ரெண்டா பிரிஞ்சா நடை உடைஞ்சிருது. விழுற பயத்த அளக்கிற 16 கேள்வி தாள்ல 41, அது 16 ல இருந்து 64 வரைக்கும் போகும், கூட கூட பயம் கூட. அந்தக் கேள்வி சிலது நம்ம ஊருக்கு ஒட்டாது, சரிவில நடக்கிறது ன்றத ஒரு தனி கேள்வியா கேட்டிருக்காங்க, நமக்கு வாசல தாண்டினா எல்லாமே சரிவுதான்.

படுத்து எந்திரிச்சி பிரஷர் பார்த்தேன், எறக்கம் இல்ல. செருப்பு, அந்த விரலிடுக்கு ரப்பர் செருப்பு, வலது கால்ல அது கழண்டு போறதே அவங்களுக்கு தெரியல, கொஞ்ச தூரம் நடந்தா முன் பாதம் வேற தொங்க ஆரம்பிக்குது.

என்ன செஞ்சோம்

12 வாரம். ஹட்டன் வரைக்கும் வந்து போறதே ஒரு நாள் வேலை, அதனால ரெண்டு வாரத்துக்கு ஒரு தரம் கிளினிக், மத்தது வீட்டில, வாரத்தில நாலு நாள், காலையில 9 மணிக்கு பிறகு, கால் இறுக்கம் விட்டு அடுப்பு வேலை தொடங்க முன்ன. நான் ஒரு ஞாயித்துக்கிழம போய் வீட்டையும் படியையும் பார்த்துட்டு வந்த பிறகுதான் முழு ப்ரோக்ராமும் எழுதினேன்.

பயிற்சிக்கு முன்ன செஞ்ச சில்லறை வேலைங்கள சீக்கிரம் சொல்லிர்றேன். பின்னால வார் உள்ள செருப்பு. டொக்டருக்கு ஒரு கடிதம், சிறுநீர் விஷயத்துக்கும் பெக்லோஃபென் நேரத்துக்கும், ஏன்னா இறுக்கத்த குறைக்கிற மாத்திர கால தளரவும் வைக்கும், அவங்க அத குடிச்சது சரியா சாயங்காலம் 4 மணிக்கு. டொக்டர் நேரத்த மாத்தி குடுத்தார், சிறுநீருக்கு வேற கிளினிக்குக்கு அனுப்பினார். ராத்திரிக்கு ரூமுக்குள்ளயே மூடியோட ஒரு வாளி, தலமாட்டில டோர்ச். வாளிக்கு சம்மதிக்க வைக்கிறதுதான் இந்த 12 வாரத்திலயும் கஷ்டமான வேலை, கடைசியில மாமியார்தான் சொன்னாங்க, "எனக்கும் சேர்த்து வைம்மா, நானும் எத்தன நாள் அந்த இருட்டுல போறது" னு. குசினியில கதவோரமா பலகை போட்டு உக்காந்து வேலை, கழுத்தில ஈரத்துணி, சமைச்சி முடிஞ்சி கால் மணி நேரம் இஸ்தோப்புல (வாசத் திண்ணையில) உக்காந்து ஆறின பிறகுதான் படி பக்கம் போறது.

பயிற்சி மூணு வகை. முதல் வகை, பாதத்தையும் உள்காதையும் வேலை வாங்குறது. கண்ணையே நம்பியிருந்தா இருட்டில கத முடிஞ்சிரும், அதனால மிச்சம் இருக்கிற கொஞ்ச உணர்வையும் காதுக்குள்ள இருக்கிற பெலன்ஸ் உறுப்பையும் மூளை பாவிக்க பழகணும். ரெண்டு சுவர் சேர்ற மூலையில நிக்கிறது, முன்னால ஒரு கதிரை, சாஞ்சாலும் எங்கயும் விழ முடியாது. முதல்ல தரையில கண் மூடி, பிறகு பழைய மெத்தையில வெட்டின ஸ்பொஞ்ச் துண்டு மேல கண் தொறந்து, பிறகு அதுக்கு மேல தலைய இடம் வலமா திருப்பி, கடைசியா கண்ண மூடி. கண்ண ஒரு புள்ளியில நிறுத்திக்கிட்டு தலைய மட்டும் ஆட்டுறதும் உண்டு. கொலராடோவில 88 எம்எஸ் நோயாளிங்கள வச்சி பெலன்ஸும் கண் அசைவும் சேர்ந்த பயிற்சிய சோதிச்சி 2018ல வெளியிட்டாங்க, பெலன்ஸோட சோர்வும் குறைஞ்சதா வந்திச்சி, நான் எடுத்தது அந்த வழியிலதான், அவங்களோட மெஷின் எதுவும் இல்லாம.

ரெண்டாவது, பலம். கதிரையில இருந்து கை ஊணாம எந்திரிக்கிறது, உக்கார்றப்ப அஞ்சு எண்ணுற வரைக்கும் மெதுவா. குதிகால் தூக்கி நிக்கிறது, இடுப்புக்கு பக்கவாட்டு கால் தூக்கல். முக்கியம் படி இறக்கம், ஒரு செங்கல் உயரத்தில இருந்து ஒரு காலால கீழ தொட்டு தொட்டு திரும்புறது, பிறகு ரெண்டு செங்கல். எண்ணிக்கைய கூட்டுறதில நான் அவசரப்படல, எம்எஸ் ல களைப்பு வந்த பிறகு செய்ற ஒவ்வொண்ணும் தப்பான பழக்கத்தத்தான் பதியும். கால் தொங்க ஆரம்பிச்சா நிறுத்து, அஞ்சு நிமிஷம் உக்காரு, பிறகு தொடங்கு.

மூணாவதுதான் இந்த கேஸோட சாரம், அந்த இடத்திலயே பழகுறது.

லயத்துப் படி எப்படி இருக்கும் னு மலைநாட்டு ஆளுங்களுக்கு சொல்ல தேவையில்ல. வெள்ளக்காரன் காலத்து கருங்கல்லு, ஒண்ணு ஒரு சாண், அடுத்தது ஒண்ணரை சாண், நடுவில தேய்ஞ்சி குழி, ஓரத்தில பாசி, மே மாசம் மழை தொடங்கினா ஆவணி வரைக்கும் காயாது. தோட்டத்தில கைப்பிடி கேட்டு எழுதிக் குடுத்தாங்க, பதில் வரல. கொழுந்தனாரும் லயத்துப் பையன்மாரும் சேர்ந்து பாசிய சுரண்டி, ஒரு பக்கம் பழைய தண்ணி பைப்ப ஊணி கைப்பிடி ஆக்கிட்டாங்க. கோயில் திருவிழாவுக்கு வாங்கி மிஞ்சின வெள்ள பெயின்ட்ட ஒவ்வொரு படியோட ஓரத்திலயும் நாலு விரல் அகலத்துக்கு அடிக்க சொன்னேன். ஆறு மணி மங்கல்லயும் படி எங்க முடியுது னு தெரியும்.

பிறகு இறங்குற முறை. புத்தகத்தில இருக்கிறது, பலவீனமான கால் முதல்ல கீழ, பலமான கால் மேல நின்னு பாரத்த விடும். அதத்தான் சொல்லிக் குடுத்தேன். ரெண்டு தரம் செஞ்சி பார்த்துட்டு அக்கா, "மிஸ், கூடையோட நாங்க இப்படி நேரா எறங்க மாட்டோம்" னாங்க. எப்படி எறங்குவீங்க னு கேட்டேன். உடம்ப மலைப் பக்கம் திருப்பி, பாதத்த படிக்கு குறுக்கா முழுசா வச்சி, முழங்கால லேசா மடக்கி, ஒரு கை மேல் பக்கத்து செடிக்கு எட்டுற மாதிரி, பக்கவாட்டா எறங்கி காட்டினாங்க. 15 வருஷம் கொழுந்து கூடைய தலைக்கயிறில தொங்கவிட்டு மழையில சரிவு எறங்கின உடம்பு அது. முழு பாதமும் கல்லில பதியிது, இடுப்பு உள்பக்கம் இருக்கு, சறுக்கினாலும் மலைப் பக்கம்தான் சாய்வாங்க. செடி இருந்த இடத்தில இப்ப பைப்பு. என்னோட முறையை எடுத்துப் போட்டுட்டு அவங்களோடதையே வச்சி அதில வலது கால் முதல்ல ன்றத மட்டும் சேர்த்தோம். புது பழக்கத்த பதிக்க வாரக்கணக்கா போகும், இது ஏற்கனவே உள்ள இருந்திச்சி, எழுப்பி விட்டா போதும் னு இருந்திச்சி.

முதல்ல காலையில வெறுங்கையோட, மகள் ஒரு படி கீழ நிக்க. பிறகு பேசிக்கிட்டே. பிறகு ஒரு கையில பேக்கோட. மழைக்கு பிறகு. கடைசியா சாயங்காலம் அஞ்சரைக்கு. விறகு இனிமே கையில இல்ல, முதுகில கட்டி, ஒரு கை எப்பவும் பைப்புக்கு. பீலியில வாளிய அரைவாசிதான் நிரப்புறது, திரும்புறப்ப இடுப்ப முறுக்காம சின்னச் சின்ன அடியா நாலஞ்சி அடி வச்சி திரும்புறது, பேர்க்ல புள்ளி போன அதே முழு சுத்துதான் இது. கிளினிக்கில வர்றப்ப மட்டும் நான் ஒண்ண சேர்த்தேன், என் கையில சாயவிட்டு திடீர் னு விட்டு கால் எடுத்து வச்சி தடுக்க விடுறது, இத வீட்டில செய்ய வேணாம் னு கண்டிப்பா சொல்லியாச்சி. அதோட விழுந்தா எப்படி எந்திரிக்கிறது ன்றதும், முட்டி போட்டு, பலமான கால முன்னுக்கு வச்சி, பலகைய புடிச்சி. பயம் குறைஞ்சதில பாதி இதால ன்றது என் நெனப்பு, தனியா கெடந்துருவோமோ ன்ற பயம்தான் நெசமான பயம்.

நடுவில நடந்தது

முதல் நாலு வாரத்தில 5 பெருக்கல். கிட்டத்தட்ட முன்ன இருந்த அளவுதான். பிரயோசனம் இல்ல னு முடிவெடுக்க இது போதும், ஆனா கலண்டர்ல இன்னொண்ணும் தெரிஞ்சிச்சி, முன்ன கடைக்கு மகள்தான் போய் வந்துக்கிட்டு இருந்திச்சி, இப்ப இவங்களே போறாங்க. நடக்கிறது கூடினா விழ வாய்ப்பும் கூடும். வீட்டுக்குள்ளயே கெடந்தா விழுறது பூச்சியம்தான், அத யாரும் குணமாச்சி னு சொல்ல மாட்டாங்க.

ஏழாவது வாரம் மகள்கிட்ட இருந்து கோல். அம்மாவால எந்திரிக்கவே முடியல, மூணு நாளா காய்ச்சல், மூணு தரம் விழுந்துட்டாங்க, நோய் திரும்ப வந்திருச்சி போல னு அழுகை. எம்எஸ் ல பழைய பலவீனம் எல்லாம் ஒண்ணா திரும்பி வந்து கூட காய்ச்சலும் இருந்தா முதல்ல கிருமி தேடணும், உடம்பு சூடானதால நரம்பு படுத்திருக்கும், புது தாக்குதலா இருக்க வேண்டிய அவசியமில்ல. ஹொஸ்பிட்டலுக்கு அனுப்பினோம், சிறுநீர்ல கிருமி. தண்ணி குடிக்காம இருந்தது, பை முழுசா காலியாகாதது ரெண்டும் சேர்ந்து குடுத்த பரிசு. அன்டிபயோடிக் குடுத்து காய்ச்சல் எறங்கினதும் ஒரு வாரத்துக்குள்ள கால் பழைய நெலமைக்கு வந்திருச்சி, புது தாக்குதலுக்கு குடுக்கிற ஸ்டீரொய்ட் தேவைப்படல. பயிற்சிய பாதி அளவில இருந்து திரும்ப தொடங்கினோம்.

12 வாரம் முடிஞ்சி

பேர்க் 42 ல இருந்து 49. எந்திரிச்சி நடக்கிற டெஸ்ட் 12.6 செக்கன், தண்ணி கப்போட 15.1. பயத்தாள் 41 ல இருந்து 31. கண்ண மூடி பாதம் சேர்த்து இப்ப 17 செக்கன் நிக்கிறாங்க. ட்யூனிங் ஃபோர்க் மட்டும் அப்படியேதான், பாதத்தோட உணர்வு கூடல, இருக்கிறத வச்சி சமாளிக்கிறது கூடியிருக்கு.

கலண்டர்: அஞ்சிலேருந்து எட்டு வாரம் 4, அதில மூணு காய்ச்சல்ல. கடைசி நாலு வாரம் 1, அதுவும் படியில இல்ல, கொடியில துணி போட அண்ணாந்தப்ப. அடுத்த மூணு மாசம் தொடர்ந்து எழுதினாங்க, மொத்தம் 3. வட்டம் அந்த அளவுக்கு குறையல, இன்னமும் வாரத்தில ஒண்ணு ரெண்டு வருது. அது எனக்கு கவலை இல்ல, முன்ன பெருக்கலா போனது இப்ப வட்டத்தில நிக்குது.

இத வச்சி பயிற்சிதான் குணமாக்கிச்சி னு அடிச்சி சொல்ல முடியாது. ஒரே ஆள், ஒப்பிட வேற ஆள் இல்ல, டெஸ்ட் திரும்ப திரும்ப செஞ்சா பழகியும் புள்ளி ஏறும், எம்எஸ் தானாவே ஏறி எறங்குற நோய். கைப்பிடி, பெயின்ட், செருப்பு, மாத்திர நேரம், வாளி, இதில எது எவ்வளவு செஞ்சிச்சி னு பிரிக்கவும் வழியில்ல. பெரிய ஆய்வுங்களும் இதே இடத்திலதான் நிக்குது. 2019ல மருத்துவ ஆய்வுங்கள சேர்த்து எடைபோடுற கொக்ரேன் குழு 13 ஆய்வ, 839 பேர சேர்த்து அலசினாங்க, பயிற்சியால பெலன்ஸ் கூடலாம், ஆனா விழுற எண்ணிக்க குறையுதா ன்றதுக்கு ஆதாரம் ரொம்ப பலவீனம் னு முடிச்சாங்க. எம்எஸ் உள்ளவங்கள்ல பாதிக்கு மேல மூணு மாசத்துக்குள்ள ஒரு தரமாவது விழுறாங்க ன்றது தெரிஞ்ச விஷயம், ஆனா பெலன்ஸ் ஸ்கோர் கூடினா விழுறது அதே அளவில குறையும் ன்றது தானா நடக்கிறதில்ல. எனக்கு இதில ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. இவங்களுக்கே ஹோல்ல மட்டும் பயிற்சி குடுத்திருந்தா 49 வந்திருக்கும் னு நம்புறேன், வாளியோட திரும்புறதும் ராத்திரி கக்கூஸுக்கு ஓடுறதும் ஆறு மணி படியும் அப்படியே இருந்திருக்கும்.

ஒண்ணு இன்னும் முடியல, பஸ். தோட்டத்து ரோட்டில வர்ற பஸ்ஸோட முதல் படி இவங்க முழங்காலுக்கு மேல, எறங்குறப்ப கொண்டக்டர் "எறங்கு எறங்கு" னு அவசரப்படுத்துவார், கால் தரையில படுறதுக்குள்ள பஸ் நகர்ந்திரும். பக்கவாட்டு எறக்கம் அங்க சரிவராது, பின்னால ஆள் நெருக்கும். இப்ப வீட்டில மூணு செங்கல் உயரத்தில, கதவு நிலைய ரெண்டு கையாலயும் புடிச்சி, பின்பக்கமா திரும்பி எறங்கி பழகிக்கிட்டு இருக்காங்க, ஏணியில எறங்குற மாதிரி. கிளினிக்குக்கு வர்ற நாள்ல மக முன்னாடியே எறங்கி கீழ நிக்கும். அடுத்த மாசம் வர்றப்ப பஸ் ஸ்டேண்ட்ல நிக்கிற பஸ் ஒண்ணில ஏறி எறங்கி பார்க்கலாம் னு பேசி வச்சிருக்கோம், ட்ரைவர் சம்மதிச்சா.